ஒரு நொடியில் எடுத்த நகல்

குரு என்றதும் தாடியும் புலித்தோலும் நினைவுக்கு வந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள். இந்தக் குருவுக்கு முப்பத்தாறு வயது. பெயர் நாச்சியார். சீடருக்கு ஐம்பத்திரண்டு. பெயர் பெத்துராஜ்.

குரு சீடரை ‘அண்ணாச்சி’ என்பார். சீடர் குருவைத் ‘தாயி’ என்பார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்களுக்கு வராது.

மடம் என்று ஊரில் சொல்கிறார்கள். பெரிதாக எதுவும் இல்லை, இரண்டு அறைதான். ஒரு துறைமுக ஊரின் கடைசியில், நகராட்சி மயானத்தின் கேட்டை ஒட்டி இருக்கிறது. உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியெல்லாம் அரித்துப்போயிருக்கும்.

அங்கே நடக்கிற வேலை ஒன்றுதான். யாரும் கேட்டு வராத பிணங்களை அடக்கம் செய்வது. ரோட்டில் கிடந்தவர்கள், தண்டவாளத்தில் கிடந்தவர்கள், கடல் ஒதுக்கியவர்கள். போலீஸ் கடிதத்தோடு வண்டி வரும். நாச்சியார் குளிப்பாட்டுவார். முன்பு பிணவறையில் வேலை பார்த்தவர், கை கூசாது. வெள்ளைத் துணி சுற்றுவார். பெத்துராஜ் குழி வெட்டுவார். இருவரும் சேர்ந்து இறக்குவார்கள்.

பெத்துராஜ் முதன்முதலில் வந்தது ஞானம் கேட்டு. பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவர். எல்லோர் கையிலும் போன் வந்ததும் சென்டரை மூடினார். அதே வருடம் மனைவியும் போய்ச் சேர்ந்தார்.

“மனசு அடங்க மாட்டேங்கு தாயி. ஏதாச்சும் சொல்லிக்குடுங்க.”

நாச்சியார் ஒரு வாளியை நீட்டினார்.

“தண்ணி கோரிட்டு வாங்க அண்ணாச்சி.”

தீட்சை அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்து பெத்துராஜ் ஒரு கேள்வி கேட்டார்.

“நாளைக்கு இவங்களைத் தேடி யாராவது வந்தா என்ன செய்வீய தாயி?”

“கூட்டிட்டுப் போய்க் காட்டுவேன்.”

“ஆயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் இருக்கவனுக்கு இங்க வரணும்னு எப்படித் தெரியும்?”

வழியும் பெத்துராஜிடமே இருந்தது. மூடிய சென்டரிலிருந்து ஒரு கம்ப்யூட்டரைத் தூக்கி வந்தார். ஒரு வெப்சைட் கட்டினார். அழகாக எல்லாம் இருக்காது. ஒரு பட்டியல், அவ்வளவுதான். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், கிடைத்த தேதி, கிடைத்த இடம், போட்டிருந்த துணியின் படம்.

இரண்டு விஷயங்களை மட்டும் வெப்சைட்டில் போடவில்லை. ஒன்று, உடம்பில் இருந்த அடையாளம். தேடி வருகிறவர் அதைத் தானாகச் சொல்ல வேண்டும், அப்போதுதான் சொந்தம் என்று நம்பலாம். இன்னொன்று, குழி இருக்கும் இடம். மந்திரவாதம் செய்ய எலும்பு தோண்டுகிற ஆட்களும் ஊரில் இருக்கிறார்கள்.

அந்த இரண்டும் கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தன. வெப்சைட்டின் கோப்புகள், பெரிய படங்கள், முழுப் பட்டியல் எல்லாம் ஒரே ஃபோல்டரில். அதற்கு நாச்சியார்தான் பெயர் சொன்னார். ‘நம்மாட்கள்’.

மயானத்தில் கல் நட நகராட்சி விடாது. மரப்பலகை நட்டால் அடுப்புக்குப் போய்விடும். போலீஸ் கடிதத்தில் ‘அடக்கம் செய்யப்பட்டது’ என்று மட்டும் இருக்கும், எங்கே என்று இருக்காது. எங்கே என்பது அந்த ஃபோல்டரில்தான். ‘வேப்பமரத்திலிருந்து கிழக்கே பன்னிரண்டு அடி. பம்ப் ரூம் சுவரிலிருந்து தெற்கே ஏழு அடி.’ இப்படி.

எட்டு வருடம். இருநூற்றுப் பதினான்கு பேர்.

வெள்ளிக்கிழமைதோறும் பெத்துராஜ் பேக்கப் எடுப்பார். அது ஒரு சடங்கு மாதிரி. குளித்துவிட்டு வருவார். சாமி மாடத்திலிருந்து பென் டிரைவை எடுப்பார். ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் அதன்மேல் காய்ந்து கிடக்கும். செருகுவார். கம்ப்யூட்டரின் முகப்பில் இருக்கும் ‘நம்மாட்கள்’ படத்தைப் பிடித்து இழுத்துப் பென் டிரைவுக்குள் போடுவார். திரும்ப மாடத்தில் வைப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை நாச்சியார் பக்கத்தில் நின்றார்.

“முடிஞ்சிட்டா?”

“முடிஞ்சிட்டு. ஒரு நொடி. என்ன வேகம் பாத்தீயளா தாயி?”

“ஒரு ஆளைக் குளிப்பாட்ட எனக்கு ஒரு மணி நேரம் ஆகுது. இத்தனை பேரும் ஒரு நொடியில போயிருவாங்களா?”

“இது மெஷின் தாயி.”

“உள்ள இருக்காங்களா, பாருங்க.”

பெத்துராஜ் பென் டிரைவைத் திறந்தார். ‘நம்மாட்கள்’ இருந்தது. அதைத் திறந்தார். எல்லோரும் இருந்தார்கள். ஒன்று முதல் கடைசி வரை.

“பாத்தாச்சா? நம்பிக்கை வந்துட்டா?”

நாச்சியார் கொஞ்சம் யோசித்தார்.

“கம்ப்யூட்டரை அமத்திட்டுக் காட்டுங்க அண்ணாச்சி.”

பெத்துராஜ் விழுந்து விழுந்து சிரித்தார்.

“அமத்திட்டா அப்புறம் எதுல தாயி பாக்க? கண்ணாடி போட்டா தெரியும்னு நெனைச்சீயளா?”

நாச்சியாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே வண்டிச் சத்தம் கேட்டது. போய்விட்டார்.

இது நடந்து இரண்டு வருடம் இருக்கும்.

பிறகு கம்ப்யூட்டர் படுத்தது. உள்ளே டக் டக் என்று ஒரு சத்தம். ஒரு பக்கம் திறக்க ஒரு டீ குடித்து வரலாம். வெப்சைட்டையும் புதிதாகக் கட்ட வேண்டும் என்று பெத்துராஜுக்கு ஆசை. எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்துவிடலாம் என்று கம்ப்யூட்டரை ரியாஸ் கடைக்குத் தூக்கிப் போனார். பஜாரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர் ரியாஸ்.

“ஹார்ட் டிஸ்க் சாகப் போவுது அண்ணாச்சி. புதுசு போட்டுருவோம். பழசுலேருந்து எதுவும் எடுக்கணுமா?”

“வேண்டாம்.”

“யோசிச்சுச் சொல்லுங்க. இப்பன்னா ஒரு நாள் போராடி எடுத்துத் தந்துருவேன்.”

“எட்டு வருசமா வாரம் தவறாம பேக்கப் எடுக்கேன் தம்பி. அதைத் தூக்கிப் போடு.”

ரியாஸ் தூக்கிப் போட்டார். அது செவ்வாய்க்கிழமை. புதன் சாயங்காலம் புது டிஸ்க்கோடு கம்ப்யூட்டர் மடத்துக்குத் திரும்பியது.

வியாழக்கிழமை காலையில் ஒரு அம்மாள் வந்தார். நாற்பது வயதுக்கு மேல். தோளில் ஒரு மஞ்சள் பை. இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். பெயர் பெருமாயி, உசிலம்பட்டிப் பக்கம். கையில் ஒரு தாள், வெப்சைட்டிலிருந்து யாரோ அச்செடுத்துக் கொடுத்தது. எண் நூற்றுப் பதினேழு. நீலக் கட்டம் போட்ட சட்டை.

“இந்தச் சட்டை நான் எடுத்துக் குடுத்ததுங்க. என் தம்பி. பேரு காசிமாயன். லாரியில கிளீனரா வந்தவன். நாலு வருசமாச்சு.”

நாச்சியார் தண்ணீர் கொடுத்தார்.

“அவன் இருக்கானா இல்லையான்னு தெரியணும். அவன் பொண்டாட்டி தெனமும் கண்ணாடி முன்னாடி நிக்கிறா. பொட்டு வைக்கவா வேணாமான்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?”

“உடம்புல அடையாளம் எதுவும் உண்டா?”

“எடது காலுல சுண்டுவெரல் கெடையாது. சின்னப்புள்ளையில கதிரறுக்கிற மிஷின்ல போயிருச்சு.”

நாச்சியார் பெத்துராஜைப் பார்த்தார்.

“ஒக்காருங்கம்மா. ஒரு நிமிசம்” என்றார் பெத்துராஜ். மாடத்திலிருந்து பென் டிரைவை எடுத்தார். செருகினார். ‘நம்மாட்கள்’ இருந்தது. அதைத் திறந்தார்.

திறக்கவில்லை.

இன்னொரு தடவை தட்டினார். ‘நீங்கள் தேடுவது அந்த இடத்தில் இல்லை’ என்கிற மாதிரி ஏதோ ஆங்கிலத்தில் வந்தது. பெத்துராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். படத்தின் கீழ் மூலையில் ஒரு குட்டி அம்புக்குறி இருந்தது. அது எட்டு வருடமாக அங்கேதான் இருந்தது. அவர்தான் பார்க்கவில்லை.

அது ஃபோல்டர் இல்லை. ஷார்ட்கட். ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று கைகாட்டுகிற பலகை மட்டும். பழைய டிஸ்க் இருந்தவரை பலகை சரியாகக் கைகாட்டியது, கேட்டபோதெல்லாம் திறந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அவர் குளித்துவிட்டு வந்து பத்திரப்படுத்தியது அந்தப் பலகையைத்தான்.

பிரவுசிங் சென்டர் வைத்திருந்த ஆள் இவர். பக்கத்துக் கடைப் பையன் செய்திருந்தால் திட்டியிருப்பார்.

“என்னங்க, இருக்கா?” என்றார் பெருமாயி.

“மெஷின் கொஞ்சம் தகராறும்மா. மதியத்துக்கு மேல வாங்களேன்.”

“நான் எங்கிட்டுப் போறது? இப்பிடியே ஒக்காந்திருக்கேன்.”

கேட்டுக்குப் பக்கத்தில் பூவரச நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பெத்துராஜ் சைக்கிளை எடுத்தார். ரியாஸ் கடை. ரியாஸ் தலையில் கை வைத்தார். பழைய டிஸ்க்கைப் புதன்கிழமையே பழைய இரும்புக் கடைக்காரர் மூட்டையோடு எடுத்துப் போய்விட்டார். பழைய இரும்புக் கடை. அங்கே மூட்டை இல்லை, நேற்றே லாரி ஏறிவிட்டது. எந்த ஊருக்கு? பல ஊருக்கு. கடைக்காரர் ஒரு சின்ன மூட்டையை அவிழ்த்துக் காட்டினார். பெத்துராஜ் மண்டி போட்டுத் தேடினார். அதில் இருந்தது ஃபேன் மோட்டார்.

திரும்பி வரும்போது வெயில் உச்சியில் இருந்தது. நாச்சியார் பின்பக்கம் வாளிகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார்.

பெத்துராஜ் நடந்ததைச் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“உங்களுக்கு ஞாபகம் இருக்கா தாயி? நூத்திப் பதினேழு எங்கன இருக்கு?”

“அது வெள்ளம் வந்த வாரம். ஒம்போது பேரு வந்தாங்க. தண்ணி வடிஞ்ச எடமாப் பாத்துப் பாத்துத் தோண்டுனோம். பின்சுவரை ஒட்டி. யாரு எதுலன்னு எனக்குத் தெரியல.”

“ஒம்போதும் ஒரே பக்கம்தான?”

“ஒரே பக்கம்தான்.”

பெத்துராஜ் கேட்டின் பக்கம் பார்த்தார். பெருமாயி மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“ஒரு பிடி மண்ணு கேக்காங்க தாயி. இப்ப நான் உள்ள வரும்போது சொன்னாங்க. அவங்க ஊருல சாமியை வேற எடத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்னா, இருக்குற எடத்துல ஒரு பிடி மண்ணு எடுப்பாங்களாம். பிடிமண்ணுன்னு பேராம். புது எடத்துல வச்சா சாமி அங்கயும் இருக்குமாம், இங்கயும் இருக்குமாம். அதே மாதிரி தம்பிக்கும் எடுத்துட்டுப் போகணுமாம்.”

“சரி.”

“ஏதாச்சும் ஒரு குழியைக் காட்டிருதேன். மண்ணு மண்ணுதான தாயி? அவங்களுக்கு என்ன தெரியப் போகுது? நிம்மதியாப் போவாங்க.”

நாச்சியார் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். மாடத்துக்குப் பக்கத்தில் கிடந்த பென் டிரைவோடு வந்தார். அதைப் பெத்துராஜின் உள்ளங்கையில் வைத்தார்.

“இதை அந்தம்மாகிட்ட குடுங்க. ‘உங்க தம்பி இதுக்குள்ள இருக்கான், பத்திரமாக் கொண்டு போங்க’ன்னு சொல்லுங்க.”

“இதுல ஒண்ணும் இல்லையே தாயி.”

“குங்குமம் வச்சிருக்கே.”

“தாயி...”

“நிம்மதியாப் போவாங்க அண்ணாச்சி.”

பெத்துராஜ் பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பூவரச மரத்துக்குப் போனார். நாச்சியார் பின்னாலேயே போனார். பெத்துராஜுக்கு நின்றுகொண்டு சொல்ல முடியவில்லை. பெருமாயிக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்துதான் சொன்னார்.

“அம்மா, உங்க தம்பி எங்க இருக்கார்னு எழுதி வச்சிருந்தேன். தொலைச்சிட்டேன்.”

பெருமாயிக்கு முதலில் புரியவில்லை.

“தேடிப் பாருங்க. நான் ஒண்ணும் அவசரத்துல வரல.”

“தேடியாச்சும்மா. இனிமே கெடைக்காது. நகல் எடுத்து வச்சேன். அந்த நகல்ல ஒண்ணுமே இல்ல. இன்னைக்கு உங்க முன்னாடிதான் எனக்கே தெரியும்.”

“எத்தன வருசமா எடுத்த?”

“எட்டு வருசமா.”

“எட்டு வருசத்துல ஒரு தடவகூடவா தெறந்து பாக்கல?”

“பாத்தேன்மா. பாக்க வேண்டிய மாதிரி பாக்கல.”

பெருமாயி எழுந்துவிட்டார். பை கீழே விழுந்தது.

“என்னய்யா ஆளு நீ! எங்க வீட்டுக் குலுக்கையில நெல்லு கொட்டுனா மேலாக்கப் பாத்துட்டு விட மாட்டோம். கையை விட்டு அடியிலருந்து ஒரு பிடி அள்ளிப் பாப்போம். படிச்ச ஆளு மாதிரி கண்ணாடி வேற போட்ருக்க! அவன் ஒத்தையில செத்தான். ஒனக்கு என்ன, ஒரு நம்பரு. நீயும் அவனத் தொலைச்சுப்புட்டயா?”

பெத்துராஜ் தலையைக் குனியவில்லை. முகத்தைக் காட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

பெருமாயி அழ ஆரம்பித்தபோது நாச்சியார் பேசினார்.

“இடது கால்ல சுண்டுவிரல் இல்ல. வலது முழங்கையில தழும்பு. சூடு பட்ட மாதிரி.”

பெருமாயி நிமிர்ந்தார்.

“டீக்கடையில வேல பாத்தப்ப... கொதிதண்ணி... நான் அதச் சொல்லவே இல்லையே.”

“நான் குளிப்பாட்டுனேன். இந்தக் கையாலதான். அந்தக் காலைக் கழுவும்போது, இது இப்பப் போன விரல் இல்ல, சின்னதுல போனதுன்னு நெனைச்சது ஞாபகம் இருக்கு. எங்க வச்சோம்ங்கிறதுதான் ஞாபகம் இல்ல. உங்க தம்பி இங்கதான் இருக்கான்மா. அது நிச்சயம். பின்சுவர் ஓரமா ஒம்போது எடம். அதுல ஒண்ணு.”

“ஒம்போதா?”

“ஒம்போது.”

“தோண்டிப் பாக்க முடியாதா?”

“கலெக்டர் ஆபீஸ்ல எழுதிக் குடுக்கணும். குடுத்தா மத்த எட்டுப் பேரையும் எழுப்பணும். நீங்க சொன்னா நாளைக்கே எழுதுதேன்.”

பெருமாயி சுவரைப் பார்த்தார். மூக்கைச் சிந்தினார். முந்தானையில் முகத்தைத் துடைத்தார்.

“காட்டுங்க” என்றார்.

பின்சுவர் ஓரத்தில் புல் முளைத்திருந்தது. குழி என்று சொல்ல எதுவும் இல்லை, அங்கங்கே லேசான பள்ளம். நாச்சியார் ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் நின்று நின்று காட்டினார். பெருமாயி கூடவே நடந்தார். ஒன்பதாவது இடத்தில் நின்றார். பிறகு திரும்ப முதல் இடத்துக்குப் போனார்.

மஞ்சள் பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து விரித்தார். குனிந்து ஒரு பிடி மண் எடுத்துத் துணியில் போட்டார். இரண்டாவது இடத்துக்குப் போனார். அங்கேயும் ஒரு பிடி.

“அம்மா, எல்லாத்துலயுமா?” என்றார் பெத்துராஜ்.

“வேற என்னத்தச் செய்யச் சொல்ற? ஒருத்தன் எங்க வீட்டு ஆளு. எட்டுப் பேரு விருந்தாளியா வந்துட்டுப் போகட்டும்.”

ஒன்பது பிடி. துணியை முடிந்தார். கனத்தது.

கேட்டுக்கு வந்ததும் பெத்துராஜிடம் ஒரு தாளும் பேனாவும் கேட்டார். எழுதத் தெரியாது. அவரையே எழுதச் சொன்னார். ஊர் பெயர், தெரு பெயர், மருமகன் போன் நம்பர்.

“அந்த எட்டுல யாருக்காச்சும் ஆளு வந்தா எங்க ஊருக்கு அனுப்பிவிடு. எங்க கொல்லையில புளியமரத்துக்கு வடக்க வைக்கப் போறேன். இங்க நீ தொலைச்சாலும் அங்க இருக்கும்.”

பெத்துராஜ் எழுதினார்.

“எழுதுனதப் படி” என்றார் பெருமாயி.

படித்தார்.

“இன்னொரு தாள்ல எழுது. அத அந்தப் புள்ளகிட்ட குடு.”

நாச்சியார் வாங்கிக்கொண்டார். பஸ் வந்தது.

அன்று சாயங்காலம் சீடர் வாளிகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“நான் போயிரவா தாயி?”

“எங்க?”

“இதுக்கு மேல என்னை வச்சு என்ன செய்யப் போறீய?”

“அன்னைக்கு ‘அமத்திட்டுக் காட்டுங்க’ன்னு கேட்டேன். நீங்க சிரிச்சீய. நானும் சிரிச்சிட்டு வண்டி வந்துட்டுன்னு போயிட்டேன். போறதுன்னா ரெண்டு பேரும்தான் போகணும். போயிட்டா நாளைக்கு வர்றவங்களை யாரு குளிப்பாட்ட?”

பெத்துராஜ் போகவில்லை.

விடிந்ததும் நாச்சியார் மயானத்துக்குள் நடப்பார். தினமும் நடப்பார். கால் மரத்துப்போகாமல் இருக்க நடக்கிறார் என்று பெத்துராஜ் எட்டு வருடமாக நினைத்திருந்தார். மறுநாள் காலையில் ஒரு நோட்டோடு கூடப் போனார். நாச்சியார் ஒரு இடத்தில் நின்றார்.

“நாலாவது ஆளு. பொம்பளை. ரெண்டு மூக்கும் குத்தியிருந்துச்சு.”

பத்து அடி தள்ளி நின்றார்.

“பதினொண்ணு. சின்னப் பையன். முதுகுல மச்சம். அன்னைக்கு மழை.”

தினமும் இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

ஒரு மாதம் நடந்தார்கள். மெதுவாகத்தான் வந்தது. சில நாள் ஒரே ஆள்தான் நினைவுக்கு வருவார். இருநூற்றுப் பதினான்கில் நூற்று எண்பத்தெட்டு பேர் கிடைத்தார்கள். மீதி இருபத்தாறு பேர் கிடைக்கவில்லை. அவர்களுக்கு முன்னால் நாச்சியார் நிற்பார், வாய் திறப்பார், ஒன்றும் வராது. பெத்துராஜ் அந்த இடத்தையும் அளந்து எழுதிக்கொள்வார். ‘யாரோ. சுவரிலிருந்து ஐந்து அடி.’

ஒருநாள் போன் வந்தது. பெருமாயி.

“ஒம்போது பேரும் நல்லபடியா வந்து சேந்துட்டாங்க. சோறு போட்டோம். அவன் பொண்டாட்டி பொட்ட அழிச்சுட்டா. அழுது முடிச்சுட்டு நேத்துலருந்து காட்டு வேலைக்குப் போறா. ஒன்கிட்டச் சொல்லணும்னு தோணுச்சு.”

வைத்துவிட்டார்.

பெத்துராஜ் நோட்டில் இருந்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். வெப்சைட்டிலிருந்த படங்களை ஒவ்வொன்றாக இறக்கிச் சேர்த்தார். புதிதாக வந்த மூன்று பேரையும் சேர்த்தார். வெப்சைட்டையும் திரும்பக் கட்டினார். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். இந்தத் தடவை அம்புக்குறி இல்லாத ஃபோல்டர். புதுப் பென் டிரைவ் இரண்டு. குங்குமம் வைக்கவில்லை. ஒன்று மடத்துக்கு. இன்னொன்று ரியாஸ் கடை லாக்கருக்கு.

நாச்சியார் வாசலில் வந்து நின்றார்.

“எடுத்தாச்சா?”

“ரெண்டுலயும் எடுத்தாச்சு தாயி.”

“எவ்வளவு நேரம் ஆச்சு?”

“ஒரு மணி நேரம்.”

நாச்சியார் தலையசைத்தார். உள்ளே வந்து திரையைப் பார்த்தார். ஒன்று முதல் கடைசி வரை எல்லோரும் இருந்தார்கள்.

“சரி. இதுல இருக்கிறதை அழிங்க.”

பெத்துராஜ் திரும்பிப் பார்த்தார். விளையாட்டுக்குச் சொல்கிற முகம் இல்லை.

“எதை தாயி?”

“கம்ப்யூட்டர்ல இருக்கிறதை.”

“அதான் எடுத்தாச்சே.”

“எடுத்தாச்சுல்லா. அழிங்க.”

பெத்துராஜ் மௌஸைப் பிடித்தார். அம்பு ‘நம்மாட்கள்’ மேல் போய் நின்றது. வலது பக்கம் தட்டினார். பட்டியல் விரிந்தது. அதில் ‘அழி’ இருந்தது. அதற்கு மேல் விரல் போகவில்லை. மூக்குக் குத்திய பொம்பளை, மச்சம் வைத்த பையன், சுவரிலிருந்து ஐந்து அடியில் இருக்கும் யாரோ. எல்லோரும் அவருடைய விரலைப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

மௌஸிலிருந்து கையை எடுத்தார்.

வெளியே வண்டிச் சத்தம் கேட்டது. நாச்சியார் இந்தத் தடவை போகவில்லை. நின்று சொல்லிவிட்டுத்தான் வாளியை எடுத்தார்.

“அப்ப நீங்க இன்னும் எடுக்கல அண்ணாச்சி.”